கலையாத சபை: தைவானில் வாக்குச்சீட்டு வழி கண்ட கதை

தைவானில் வாக்குப்பதிவு மாலை நான்கு மணிக்கு முடியும். பெட்டியைப் பூட்டி, வண்டியில் ஏற்றி, வேறொரு ஊருக்குக் கொண்டுபோகிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. வாக்குப்பதிவு நடந்த அதே பள்ளிக்கூட வகுப்பறையில், அதே கோயில் மண்டபத்தில் உடனே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பணியாளர் ஒருவர் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டி, எந்த எண்ணுக்கு வாக்கு என்று உரக்கச் சொல்வார். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் இன்னொருவர் ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து பூர்த்தியாகும். அதை 'ஜெங்' என்று படிக்கிறார்கள். நேரானது, முறையானது என்று பொருள். அக்கம்பக்கத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம். இப்படி ஒவ்வொரு சீட்டாக எண்ணியும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் நாட்டின் அடுத்த அதிபர் யாரென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்தச் சடங்கைப் பார்க்கும்போது, அந்த நாடு தொடக்கம் முதலே இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் இதே தைவானில் 38 ஆண்டுகள் ராணுவச் சட்டம் இருந்தது. ஒரே தேர்தலில் ஜெயித்தவர்கள் 43 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்பி வெளியே அனுப்ப ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. சர்வாதிகாரம் ஒப்புக்காக நடத்தும் தேர்தல்கூட அதை நடத்துகிறவரின் காலைச் சுற்றும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று தைவான்தான்.

கதை தைவானில் தொடங்கவில்லை. 1947-இல் சீனப் பெருநிலத்தில் குவோமின்டாங் கட்சி ஆட்சியில் இருந்தபோது சீனக் குடியரசுக்கு ஓர் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1947 நவம்பரில் தேசியப் பேரவைக்கும், 1948 ஜனவரியில் சட்டமன்றத்துக்கும் தேர்தல் நடந்தது. பேரவையின் வேலை அதிபரைத் தேர்ந்தெடுப்பதும் சாசனத்தைத் திருத்துவதும். அதன் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். சட்டம் இயற்றும் மன்றத்துக்கு மூன்று ஆண்டுகள். இரண்டும் சேர்ந்ததைத்தான் இங்கே நாடாளுமன்றம் என்கிறேன். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. 1949 கடைசியில் மாவோவின் படைகளிடம் தோற்ற குவோமின்டாங் தலைவர் சியாங் கை ஷேக், அரசு, ராணுவம், தங்கம் எல்லாவற்றோடும் தைவானுக்கு வந்து சேர்ந்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒரு பகுதியினரும் கூடவே வந்தார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 'சீனா முழுவதற்கும் நாங்களே சட்டபூர்வமான அரசு' என்பது சியாங்கின் நிலைப்பாடு. அதற்கு ஆதாரமாக அவர் கையில் இருந்தது சீனாவின் எல்லா மாகாணங்களும் தேர்ந்தெடுத்த அந்தச் சபைதான். ஹூனான் உறுப்பினர், சிச்சுவான் உறுப்பினர், மஞ்சூரிய உறுப்பினர் என்று எல்லோரும் தைவான் தலைநகர் தாய்பெயில் உட்கார்ந்திருந்தால்தான் அது சீனாவின் நாடாளுமன்றம். புதிதாகத் தேர்தல் வைத்தால் தைவானில் மட்டும்தான் வைக்க முடியும். அப்புறம் அது தைவானின் நாடாளுமன்றம் ஆகிவிடும். எனவே தேர்தலே வேண்டாம் என்று முடிவானது. பதவிக்காலம் முடிந்தபோது முதலில் வருடா வருடம் நீட்டித்தார்கள். 1954-இல் அரசமைப்பு நீதிபதிகள் 31-ஆம் எண் விளக்கத் தீர்ப்பைக் கொடுத்தார்கள். நாடு பெரும் நெருக்கடியில் இருப்பதால் அடுத்த தேர்தல் நடத்த முடிகிறவரை பழைய உறுப்பினர்களே தொடரலாம் என்றது அது. பெருநிலத்தை மீட்ட பிறகு தேர்தல் என்றால், மீட்கிறவரை தேர்தல் இல்லை என்றுதானே அர்த்தம்!

உறுப்பினர்களுக்கு வயதானது. சிலர் இறந்தார்கள். பேரவையில் காலியான இடங்களுக்கு 1947 தேர்தலில் அடுத்தபடியாக வாக்கு வாங்கித் தோற்றவர்களைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தார்கள். இந்தப் பேரவைதான் சியாங் கை ஷேக்கை 1954, 1960, 1966, 1972 என்று மறுபடி மறுபடி அதிபராக்கியது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்று சாசனம் சொன்னது. 1960-இல் 'கலகக் காலத் தற்காலிக விதிகள்' என்ற ஏற்பாட்டில் ஒரு திருத்தம் செய்து அந்தத் தடையையும் தாண்டினார்கள். 1948-இல் கொண்டுவந்த அந்தத் தற்காலிக விதிகள் 1991 வரை நீடித்தன. மக்கள் இந்தச் சபைக்கு 'பத்தாயிரம் ஆண்டு நாடாளுமன்றம்' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? முதல் காரணம் பயம். தைவான் அப்போதே சீனக் குடியரசின் ஆட்சியில் இருந்தது. 1947 பிப்ரவரி 28 அன்று அங்கே அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்த பிறகு, பெருநிலத்திலிருந்து வந்த படைகள் தைவான்காரர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. தீவின் படித்த வகுப்பே அதில் சிதைந்துபோனது. 1949 மே மாதம் ராணுவச் சட்டம் வந்தது. புதுக் கட்சி தொடங்கக் கூடாது, எதிர்த்துப் பேசுகிறவர் ராணுவ நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். லெய் சென் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு எதிர்க்கட்சி தொடங்க முயன்றதும் 1960-இல் கைதானார். பத்து ஆண்டு சிறை. அவரும் பெருநிலத்திலிருந்து வந்தவர், ஒரு காலத்தில் குவோமின்டாங் கட்சிக்குள் செல்வாக்கோடு இருந்தவர். அவருக்கே இந்தக் கதி.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தேர்தல் முழுக்க நின்றுவிடவில்லை. நாடாளுமன்றம் உறைந்து கிடந்தபோதும், 1950 தொடங்கி மாவட்டத் தலைவர், நகர மேயர், உள்ளாட்சி உறுப்பினர், பின்னால் மாகாண சபை என்று கீழ்மட்டத்தில் வாக்குப்பதிவு நடந்துகொண்டே இருந்தது. குவோமின்டாங்குக்கு இது தேவையாகவும் இருந்தது. 'சுதந்திர சீனா' என்று அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டும். தீவில் வேரில்லாத கட்சிக்கு ஊர்ப் பெரியவர்களின் துணையும் வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு மூன்று கோஷ்டிகளை வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, விவசாயக் கூட்டுறவுச் சங்கக் கடனும் உள்ளூர் ஒப்பந்தமும் கொடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். காசு கொடுத்து வாக்கு வாங்கும் பழக்கமும் அப்போதே வேர் பிடித்தது. இந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை.

ஆனால் தேர்தல் என்று ஒன்றை வைத்துவிட்டால் அதற்கென்று ஒரு குணம் வந்துவிடுகிறது. கட்சி தடை, ஆனால் தனிமனிதர் சுயேச்சையாக நிற்கத் தடையில்லை. 1954-இல் காவ் யு-ஷு என்ற சுயேச்சை, குவோமின்டாங்கைத் தோற்கடித்துத் தாய்பெய் மேயரானார். 1964-இல் மறுபடியும் வென்றார். பொறுக்காத அரசு 1967-இல் தாய்பெயை மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள சிறப்பு நகரமாக்கி, மேயர் பதவியையே நியமனப் பதவி ஆக்கிவிட்டது. தலைநகர மக்கள் அடுத்து தங்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தது 1994-இல்தான்.

இப்படி நின்றவர்களுக்குத் 'தாங்வாய்' என்று பெயர் வந்தது. 'கட்சிக்கு வெளியே' என்று அர்த்தம். கட்சி என்றால் ஒன்றே ஒன்றுதான் என்ற நாட்டில், அதற்கு வெளியே நிற்பதே ஓர் அடையாளமாகிவிட்டது. வழக்கமாகப் பேச்சுக்குக் கடிவாளம் போட்டிருந்த அரசு தேர்தல் நேரத்தில் மட்டும் கொஞ்சம் தளர்த்தும். அந்தச் சில நாட்களுக்குள் மேடை போட்டு, ஆண்டு முழுவதும் பேச முடியாததைப் பேசித் தீர்த்தார்கள். கேட்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. கட்சி இல்லாதவர்களுக்குத் தேர்தல் மேடைதான் கட்சி அலுவலகம், பத்திரிகை, பள்ளிக்கூடம் எல்லாமே.

மேலேயும் ஒரு சின்ன விரிசல் விழுந்தது. உறுப்பினர்கள் இறந்து எண்ணிக்கை குறையவே, 1969-இல் 'கூடுதல் தேர்தல்' என்று ஒன்று வைத்துச் சட்டமன்றத்துக்கு 11 பேரை மட்டும் சேர்த்தார்கள். பழையவர்களைப் போலவே இவர்களுக்கும் மறுதேர்தல் இல்லை என்பது ஏற்பாடு. அந்தப் பதினொருவரில் ஒருவர் தாங்வாய் தலைவரான ஹுவாங் சின்-சியே. சாகும்வரை பதவி என்று சர்வாதிகாரம் செய்துகொண்ட வசதி, எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கும் சாகும்வரை பதவியைக் கொடுத்துவிட்டது! 1972 முதல் இந்தக் கூடுதல் இடங்களுக்கு மட்டும் முறையாகக் கால இடைவெளியில் தேர்தல் வந்தது. பழையவர்கள் அசையவில்லை. ஓரத்தில் மட்டும் சில நாற்காலிகளுக்கு மக்கள் ஆள் அனுப்பலாம் என்ற நிலை.

1977 நவம்பர் 19 அன்று தாவ்யுவான் மாவட்டத்தில் மாவட்டத் தலைவர் தேர்தல். குவோமின்டாங்கிலிருந்து நீக்கப்பட்ட சூ சின்-லியாங் சுயேச்சையாக நின்றார். ஜோங்லி ஊரில் ஒரு வாக்குச்சாவடியில், முதியவர்கள் போட்ட வாக்குச்சீட்டைச் சாவடித் தலைவர் மையால் கறைப்படுத்திச் செல்லாததாக்கினார் என்று பேச்சு கிளம்பியது. கேள்விப்பட்டவர்கள் காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். பொழுது சாய்வதற்குள் அது பல ஆயிரம் பேராகிவிட்டது. வண்டிகள் கவிழ்ந்தன, காவல் நிலையம் எரிந்தது, உயிர்ப்பலியும் ஆனது. ஆனால் அந்தத் தேர்தலில் சூ பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார், அரசும் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிற அந்தச் சடங்கின் பின்னால் இந்த நினைவும் இருக்கிறது. இருபத்தேழு வருடம் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப் போட்டுப் பழகிய ஜனம், ஒரு சீட்டு கறையானதற்காகத் தெருவுக்கு வரும் என்று ஆண்டவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா பீஜிங்கை அங்கீகரிக்கப்போவதாக அறிவித்தது. அதைக் காரணம் காட்டி, பிரசாரம் நடந்துகொண்டிருந்த தேர்தலை அரசு அப்படியே நிறுத்திவிட்டது. மேடை பறிபோன தாங்வாய்காரர்கள் 'ஃபார்மோசா' என்ற பத்திரிகையைத் தொடங்கி, அதன் கிளை அலுவலகங்களைக் கட்சிக் கிளைகளைப் போல நடத்தினார்கள். 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாள் அன்று காவோசியுங் நகரில் அவர்கள் நடத்திய ஊர்வலம் மோதலில் முடிந்தது. தலைவர்கள் எட்டுப் பேர் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஹுவாங் சின்-சியேவும் அதில் ஒருவர். இன்னொருவரான லின் யி-சியுங் காவலில் இருந்தபோது, 1980 பிப்ரவரி 28 அன்று, பட்டப்பகலில் அவர் வீட்டுக்குள் புகுந்து அவருடைய தாயையும் இரட்டைப் பெண் குழந்தைகளையும் யாரோ கொன்றார்கள். காவல்துறையின் கண்காணிப்பில் இருந்த வீடு அது. கொலையாளி யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்த வீடு இப்போது ஒரு தேவாலயம். தைவான் ரத்தமின்றி ஜனநாயகத்துக்கு வந்தது என்று எழுதுகிறவர்கள் அந்த வீட்டை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் நடந்ததுதான் ஆட்சியாளர்களைத் திகைக்க வைத்தது. 1980 டிசம்பரில், நிறுத்திவைத்த தேர்தலை நடத்தினார்கள். சிறைக்குப் போனவர்களின் மனைவிமார் நின்றார்கள், பெரும் வாக்கு வாங்கி ஜெயித்தார்கள். நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு மக்கள் கொடுத்த மறுதீர்ப்பு அது. வழக்காடிய இளம் வக்கீல்களும் அடுத்தடுத்த தேர்தல்களில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் சென் ஷுய்-பியான். இருபது ஆண்டு கழித்து அவரே நாட்டின் அதிபர்.

1986 செப்டம்பர் 28 அன்று தாய்பெயின் கிராண்ட் ஹோட்டலில் கூடிய தாங்வாய்காரர்கள், தடை இருக்கும்போதே ஜனநாயக முற்போக்குக் கட்சியை அறிவித்தார்கள். அதிபராக இருந்த சியாங் சிங்-குவோ, சியாங் கை ஷேக்கின் மகன், ஒருவரையும் கைது செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 15 அன்று ராணுவச் சட்டத்தை நீக்கினார். 1988 ஜனவரியில் இறந்தார். ஒரு காலத்தில் ரகசிய போலீஸை நடத்திய மனிதர் இப்படி வழிவிட்டதற்கு ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். அமெரிக்க அழுத்தம், உடல்நிலை, பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்க்கோஸ் விழுந்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் உள்ளாட்சித் தேர்தல்களில் தொடர்ந்து பெரும்பான்மை வாங்கிப் பழகிய கட்சி அது. போட்டி வந்தாலும் ஜெயிப்போம் என்ற தைரியம் அதற்கு இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

எல்லாம் மாறியும் அந்தச் சபை மட்டும் கலையவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்டவர்கள், மூக்கில் குழாயோடு வந்து வாக்களித்தவர்கள் எனத் தொலைக்காட்சியில் வந்த காட்சிகளை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. புதிதாக வந்த எதிர்க்கட்சியினர் மேசை மேல் ஏறினார்கள், மைக்கைப் பிடுங்கினார்கள். தைவான் நாடாளுமன்றத்துக் கைகலப்பு என்று உலகம் சிரித்த காட்சிகளின் தொடக்கம் இதுதான். பன்னிரண்டு பேர் நியாயமாகத் தேர்வாகி வந்து, நாற்பது ஆண்டுக்கு முன் தேர்வானவர்களின் பெரும்பான்மையிடம் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தோற்றால் வேறென்ன செய்வார்கள்?

1990 மார்ச்சில் அதிபரைத் தேர்ந்தெடுக்க தேசியப் பேரவை கூடியது. கூடியவர்கள் தங்கள் படியை உயர்த்தவும், சிலரின் பதவிக்காலத்தை நீட்டவும் முயன்றார்கள். பொறுமை அறுந்தது. மார்ச் 16 அன்று தைவான் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சியாங் கை ஷேக் நினைவு மண்டபத்தின் முன் சதுக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். தியானன்மென் சதுக்கத்தில் டாங்கிகள் நுழைந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. என்ன நடக்குமோ என்ற பயம் அவர்களுக்கும் பெற்றோருக்கும் இருந்திருக்கும். தீவின் மண்ணில் தானாக முளைக்கும் காட்டு லில்லியைத் தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். கோரிக்கை நான்கு: பேரவையைக் கலை, தற்காலிக விதிகளை நீக்கு, தேசிய மாநாடு கூட்டு, சீர்திருத்தத்துக்குக் கால அட்டவணை கொடு. மார்ச் 21 அன்று அதே பேரவையால் அதிபராகத் தேர்வான லீ டெங்-ஹுய், அன்று மாலையே மாணவர் பிரதிநிதிகளைக் கூப்பிட்டுப் பேசினார். தைவானிலேயே பிறந்த முதல் அதிபர் அவர். பேரவையை வெளியேற்ற அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. மாணவர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த ஜூன் மாதம் அரசமைப்பு நீதிபதிகள் 261-ஆம் விளக்கத் தீர்ப்பில், 1991 டிசம்பர் 31-க்குள் பழைய உறுப்பினர்கள் அத்தனை பேரும் வெளியேற வேண்டும் என்றார்கள். 1954-இல் உட்கார வைத்ததும் நீதிபதிகள்தான், எழுந்து போகச் சொன்னதும் நீதிபதிகள்தான். 1991-இல் பேரவைக்கும், 1992 டிசம்பரில் 161 இடங்கள் கொண்ட சட்டமன்றத்துக்கும் முழுத் தேர்தல் நடந்தது. இரண்டிலும் குவோமின்டாங்கே வென்றது. தேர்தல் வைத்தால் அழிந்துவிடுவோம் என்று நாற்பது வருடம் நடுங்கிய கட்சி, தேர்தல் வைத்து ஜெயித்தது.

1996 மார்ச் 23 அன்று மக்கள் முதன்முறையாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலுக்கு முன் சீனா, தைவானை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை வீசிப் பார்த்தது. முக்கால்வாசி வாக்காளர்கள் வாக்களித்தார்கள். லீ 54 சதவீதம் வாங்கினார். 2000-இல் குவோமின்டாங் இரண்டாக உடைய, 39 சதவீதத்தோடு சென் ஷுய்-பியான் அதிபரானார். ஐம்பதாண்டு ஆண்ட கட்சி சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறியது.

தேசியப் பேரவையின் முடிவும் சொல்லத்தக்கது. 2005-இல் ஒரே ஒரு வாக்கெடுப்புக்காக 300 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 7 அன்று அவர்கள் கூடி, தங்கள் பேரவையையே நிரந்தரமாக மூடும் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். அதே திருத்தம் சட்டமன்றத்தை 225 இடங்களிலிருந்து 113 ஆகச் சுருக்கியது. 73 தனித் தொகுதிகள், 34 கட்சிப் பட்டியல் இடங்கள், பூர்வகுடிகளுக்கு 6. பட்டியலில் வெல்கிறவர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். இன்று சட்டமன்றத்தில் ஐந்தில் இரண்டு பேர் பெண்கள். ஆனால் இந்தத் திருத்தத்தில் ஓர் அநியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குறைந்தது ஓர் இடம் என்பதால், நாலரை லட்சம் பேர் வாழும் யிலானுக்கும் ஓர் உறுப்பினர், அதில் சின்னஞ்சிறு பங்கு மக்களே உள்ள மாட்சு தீவுகளுக்கும் ஓர் உறுப்பினர். இதைச் சரிசெய்யச் சாசனத்தைத் திருத்த வேண்டும். திருத்துவதோ இப்போது மிகக் கடினம்.

தெருவும் சபையும் மோதுவதும் நிற்கவில்லை. 2014 மார்ச்சில் சீனாவோடான சேவை வர்த்தக ஒப்பந்தத்தை ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அரை நிமிடத்தில் 'பரிசீலித்தாயிற்று' என்று அறிவித்ததும், மறுநாள் மாணவர்கள் சட்டமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். ஒப்பந்தம் கிடப்பில் போனது. 2024-இல் அதிபர் ஒரு கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மை எதிரணி என்றானது. 2025 ஜூலை, ஆகஸ்டில் குவோமின்டாங் உறுப்பினர்கள் 31 பேரைத் திரும்ப அழைக்க வாக்கெடுப்பு நடந்தது. 31 பேரும் தப்பினார்கள். அன்றும் அதே வகுப்பறைகளில், அதே கோடுகளைப் போட்டுத்தான் எண்ணினார்கள்.

தைவானில் தேர்தலில் வாக்களிக்கும் வயது இன்றைக்கும் 20. ஆண் பிள்ளைகளுக்கு ராணுவ சேவைக் கடமை பதினெட்டில் தொடங்கிவிடுகிறது. 2022-இல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்க சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்து, நவம்பர் 26 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. சாசனத் திருத்தம் நிறைவேற, மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், ஏறத்தாழ 96 லட்சம் பேர், ஆதரித்து வாக்களிக்க வேண்டும். விழுந்த ஆதரவு வாக்குகள் 56 லட்சம் சொச்சம். எதிர்த்து விழுந்தவை அதைவிடக் குறைவு, இருந்தும் திருத்தம் தோற்றது. 1990-இல் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் பத்தொன்பது வயதுக்காரர்கள். அதே வயதில் இன்று தாய்பெயில் ஒரு கல்லூரி மாணவி இருந்தால், தேர்தல் நாளன்று மாலை நான்கு மணிக்கு மேல் வாக்குச்சாவடிக்குப் போய், சீட்டுகளை எண்ணுவதை நின்று பார்க்கலாம். அதில் ஒரு சீட்டு அவளுடையதாக இருக்க அவள் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.